இல்லத்தில் வளைய வருவோர்

அரபு மொழியில் பூனைக்கு வழங்கும் பெயர்கள் பல. ஹிர்ரு, கித்து, சின்னவ்ரு, ளைவன் என்று அகராதிகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. ஹிஜ்ரி 808இல் கெய்ரோவில் மறைந்த இமாம் தமீரீ அவர்கள், உயிரினங்களைப் பற்றித் தொகுத்த ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலில் இதனையொட்டி ஒரு வேடிக்கைக் கதையைச் சொல்லுகிறார். பாலை நிலத்து அரபி ஒருவர் ஒரு பூனையைப் பிடித்தார். அஃது இன்ன விலங்கு என்பதே அவருக்குத் தெரியாது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிப் போனார்கள். இத்தனை பெயர் தாங்கிய உயிர் பெரும் பொருள் பெற்றுத் தரும் என்று நம்பிச் சந்தைக்குக் கொண்டுபோய் நூறு கேட்டார். அரைத் திர்ஹத்துக்கு மேல் பெறாது என்றார்கள். பெயர் இவ்வளவு, விலை இவ்வளவுதானா என்று சபித்தவாறே அதனை வீசியெறிந்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

நம் தமிழும் இவ்வகையில் வறியதன்று. பூசை என்றும் வெருகு என்றும் பழந்தமிழர் வழங்கினர். எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது என வகுக்கும் தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரை உரிமையாக்கி, பறழ் என்பதனையும் ஏற்றுக்கொள்ளுகிறது.

பெயர் சூட்டுவதில் இரு மொழியாரும் குறை வைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் வைப்பதில்லை. பூனைக்குட்டி படியேறிய முதல் நாழிகையிலேயே அதற்கொரு பெயர் கிடைத்துவிடுகிறது. ஒரு திங்கள் கழிகிறது. அது முஸல்லாவை நனைக்கிறது, திரைச்சீலையைக் கிழிக்கிறது. அப்பொழுது வீட்டார் சாக்குப் பையைத் தேடுகிறார்கள். அந்த அரபியின் கணக்கே இங்கும் நடக்கிறது. ஓர் உயிரை வீட்டுக்குள் அழைப்பது பெயரிடுவதோடு முடிவதன்று. அஃது ஓர் அமானிதத்தைக் கைநீட்டிப் பெறுவதாகும். அந்த அமானிதம் எத்தகையது என்பதை, சென்ற ஆண்டு நம் இல்லம் வந்து சேர்ந்த இரண்டு குட்டிகளை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறோம்.

வீட்டின் பின்புறத்து விறகுக் கொட்டகையிலிருந்து அவற்றின் குரல் கேட்டது. நம் இளைய மகன் உடனே தூக்கிவரப் புறப்பட்டான். நாம் தடுத்தோம். குட்டிகள் தனித்துக் கிடப்பதாலேயே அவை அனாதைகள் ஆகிவிடமாட்டா. தாய் இரை தேடிச் சென்றிருக்கலாம். ஒவ்வொன்றாய் வேறிடத்துக்குக் கவ்விச் செல்லும் வேலையில் இருக்கலாம். மனிதர் அருகில் நின்றால் அது திரும்பவும் தயங்கும். பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை அதனிடமே திருப்பித் தருமாறு பணித்த வரலாற்றை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் ஓதியிருக்கிறோம். தாயுள்ள குட்டியை எட்டு வாரமாவது தாயிடமே விட்டுவைக்க வேண்டும். பால் மறப்பதும், கடியின் அளவை அறிந்து விளையாடுவதும், மணலில் மறைவிடம் தேடுவதும் அக்காலத்தில்தான் படிகின்றன. எனவே, தொலைவில் இருந்தே அன்று மாலை வரை காத்திருந்தோம். மாலையில்தான், பெருஞ்சாலையில் வாகனம் மோதி இறந்து கிடந்த பூனை அந்தத் தாயே என்பது அண்டை வீட்டார் மூலம் உறுதியாயிற்று. அதன்பின் குட்டிகளை எடுத்தோம்.

மறுநாள் அரசு கால்நடை மருத்துவமனையில் மருத்துவ அம்மையார் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாயில் பாற்பற்கள் முளைத்திருந்தன. கண்ணின் நீலம் இன்னும் மாறவில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் என்று கணித்தார். ஒன்று 580 கிராம், மற்றது 490 கிராம் இருந்தன. மூன்று வாரத்துக்கு உட்பட்டவையாக இருந்திருப்பின் இரண்டு மூன்று மணிக்கொரு முறை பூனைக்குட்டிக்கென விற்கும் மாற்றுப் பாலைப் புகட்டி, ஈரத் துணியால் அடிவயிற்றைத் தடவி மலசலம் கழிக்கச் செய்ய வேண்டியிருந்திருக்கும். இவை தாமே உண்ணத் தொடங்கியவை. இறைவன் நம் சுமையை இலேசாக்கினான்.

ஆயினும் வீட்டுக்குள் வேறொரு சுமை காத்திருந்தது. நம் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மாமியார் அவர்கள் குட்டிகளைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்கள்.

“பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுலே பூனை ஆகாது மாப்பிள்ளை. சாக்குலே போட்டு மீன்கடைப் பக்கம் விட்டுட்டு வரச் சொல்லுங்க. அதுக்கு அங்கே சாப்பாடு கிடைக்கும்.”

அவர்கள் சொன்னது பேத்தியின் மேலுள்ள பாசத்தால். அச்சத்திலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். கருவுற்றவளுக்கு அது முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளையலாம். ஆனால் மலத்தோடு வெளிப்படும் அந்நுண்ணுயிர் தொற்றும் ஆற்றல் பெற ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே, மணல் தட்டை நாள்தோறும் மற்றவர் துப்புரவு செய்து, கருவுற்றவள் அதனைத் தொடாதிருந்தால் அபாயம் பெரிதும் விலகிவிடுகிறது. அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்டத்து மண்ணும் இதே நோயைக் கொண்டுவரக்கூடியவை என்பதைப் பலர் அறியார். மகளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரும் இவ்வாறே சொல்லிவிட, மணல் தட்டின் பொறுப்பு நமக்கும் இளைய மகனுக்குமாய்ப் பங்கிடப்பட்டது. மாமியார் அவர்கள் முற்றிலும் இசையவில்லை, எனினும் மௌனமானார்கள்.

மீன்கடையில் விடுவதைப் பற்றியும் ஒரு சொல். ஆறு வாரக் குட்டி மீன்கடையில் உணவு பெறாது, நாய்க்கு உணவாகும். விலங்கைப் பசியிலோ தாகத்திலோ வதைபடும் நிலையில் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். மார்க்கச் சட்டம் அறிந்த நமக்கு அந்த எச்சரிக்கை அதற்கும் முன்பே வந்துவிட்டது.

பூனையை அடைத்துவைத்து அதன் பொருட்டு வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பதை மக்தபுச் சிறார்கூட அறிவர். அதனை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் அதன் அமைப்பைக் கவனிக்குமாறு மாணவர்களுக்குச் சொல்லுவது நம் வழக்கம். கட்டிப்போட்டாள் என்பதோடு குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவள் உணவும் தரவில்லை. தானே தேடித் தின்னட்டும் என்று விடவுமில்லை என இரு கிளைகளாக அது விரிகிறது. இதிலிருந்து அறிஞர்கள் பெற்ற சட்டம் என்ன? உணவும் நீரும் குறைவின்றித் தருபவருக்குப் பூனையை வீட்டில் வைத்திருக்க அனுமதி உண்டு. அடைத்த கணமே அதன் தேவை முழுவதும் அடைத்தவரின் கழுத்தில் விழுகிறது. திறந்த வெளியில் இருக்கும் பூனைக்குப் பத்து வாசல்கள் உண்டு. அடைபட்டதற்கோ நம் கை ஒன்றே வாசல்.

புதிய குட்டியைக் குடியமர்த்துவதில் இந்தச் சட்டம் உடனே உயிர் பெற்று எழுகிறது. ஏனெனில் முதல் சில நாட்கள் அதனை ஓர் அறையில் அடைத்துத்தான் வைத்தாக வேண்டும். முழு வீட்டையும் ஒரேயடியாய்த் திறந்துவிட்டால், அச்சத்தால் எட்டாத இடுக்கில் புகுந்துகொள்ளும். உணவும் மணலும் எங்கேயென்று அறியாமல் தவிக்கும். சிறிய அறை அதற்குச் சிறையன்று, அரண். ஆயின் அரணாக்குவதும் சிறையாக்குவதும் நம் கையில் உள்ளன.

நாம் கூடத்தை ஒட்டிய சாமான் அறையை ஒழித்தோம். அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, நாம் உடுத்திக் கழற்றிய பழைய கைலியை மடித்துள்ளே விரித்தோம். மனித வாடை பழகுவதற்கு அது நல்ல வழி. ஒளிந்துகொள்ள இடமுள்ள குட்டிதான் விரைவில் வெளியே வரும். இரவில் இளஞ்சூட்டு நீரைப் புட்டியில் அடைத்துத் துணி சுற்றி அருகில் வைத்தோம். குட்டிகள் இரண்டானதும் ஒரு பேறு. ஒன்றையொன்று அணைத்து உறங்கியதால் தாயைத் தேடும் அழுகை இரண்டு இரவுகளோடு அடங்கிற்று.

பின்னர் ஆபத்துக்களைத் தேடினோம். தரையில் குந்தி, குட்டியின் கண் மட்டத்திலிருந்து அறையைப் பார்த்தால்தான் அவை தென்படுகின்றன. தையற்கூடையிலுள்ள நூலை விழுங்கினால் குடல் சுருண்டு அறுபடும். ஊசியோடு விழுங்கினால் சொல்லவே வேண்டியதில்லை. துணிப்பெட்டியின் பாச்சா உருண்டை நஞ்சு. தரை துடைக்கும் பினாயிலும் அப்படியே. பாதத்தில் பட்டதைப் பூனை நக்கித் துப்புரவு செய்வதால் அது வயிற்றுக்குள் போகிறது, அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்குரிய உண்ணி மருந்துகளில் சில பூனைக்கு உயிர்க்கொல்லி. இவையெல்லாம் மேலே, கதவுள்ள அலமாரிக்குள் ஏறின. முற்றத்துக் கிணற்றுக்கு வலை போட்டோம். சன்னலுக்குக் கம்பி வலை அடித்தோம். தொங்கும் மின்கம்பிகளைச் சுருட்டிக் கட்டினோம். வாகனத்தை முடுக்குமுன் சக்கரத்தின் அடியிலும் இயந்திர மூடியின் உள்ளும் பார்ப்பது அன்றிலிருந்து வீட்டு விதியாயிற்று.

அண்டை வீட்டு அம்மையார் அன்போடு ஒரு கிண்ணம் பசும்பால் கொண்டுவந்தார்கள். நன்றியுடன் பெற்றுத் தேநீருக்கு வைத்துக்கொண்டோம். பூனையும் பாலும் பிரியாத இணை என்று கதைகள் நம்மைப் பழக்கிவிட்டன. உண்மையில் பசும்பாலின் சர்க்கரையைச் செரிக்க இயலாமல் பல குட்டிகள் கழிச்சல் கண்டு, உடலின் நீர் வற்றி மடிகின்றன. அவற்றுக்குப் பாத்திரத்தில் தூய நீரே வேண்டும். உணவு இறைச்சியும் மீனும். டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் கண் கெடும் என்பது 1970களில் தெரியவந்தது. இதயத் தசையும் நலியும் என்பதை 1987இல் ஆய்வாளர்கள் நிறுவினர். ஊனில் மட்டுமே தாராளமாய்க் கிடைக்கும் சத்து அது. பாலும் சோறும் பிசைந்து போட்டால் கடமை தீர்ந்தது என்று இருப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் கோழியையும் மீனையும் உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து, எலும்பும் முள்ளும் நீக்கி, குட்டிகளுக்கென விற்கும் உணவோடு சேர்த்து நாளைக்கு நான்கு வேளை வைத்தோம். மீன் ஆணத்தின் மிச்சத்தை ஒருபோதும் வைக்கவில்லை. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

நாள்தோறும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்தோம். நாளைக்குப் பத்து கிராமாவது கூட வேண்டும் என்பது மருத்துவ அம்மையார் தந்த கணக்கு. மூன்றாம் நாள் சிறியது கூடவில்லை. அன்று பகல் உணவையும் முகர்ந்துவிட்டு விலகிற்று. வயிறு மட்டும் உப்பியிருந்தது. இத்தனை சிறிய உடம்பு ஒரு நாள் பட்டினியைத் தாங்காது. மாலைக்குள் மருத்துவமனை சேர்ந்தோம். வயிற்றுப் பூச்சி என்றறிந்து மருந்து புகட்டினார்; இரு வாரத்துக்கொரு முறை தொடரச் சொன்னார். அன்றிரவு நம் மாமியார் அவர்களே, “அந்தச் சின்னது தின்னுச்சா?” என்று இருமுறை கேட்டனுப்பினார்கள். விடியலில் அது தின்றது. அச்செய்தியையும் அவர்களிடமே முதலில் சொன்னோம்.

தடுப்பூசியும் கடமைகளுள் ஒன்று. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரமளவில். இது முடியும் வரை குட்டி வெளிப்பூனைகளோடு கலத்தலாகாது. பிள்ளைகளைக் குட்டி கீறினாலும் கடித்தாலும் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டுக் குட்டிதானே என்று அசட்டை செய்வது தகாது.

பிள்ளைகளுக்கும் சில ஒழுக்கங்களைக் கற்பித்தோம். உறங்கும் குட்டியை எழுப்பலாகாது. இவ்வயதில் நாளின் மூன்றில் இரு பங்குக்கு மேல் உறக்கமே. துரத்திப் பிடிக்கலாகாது. தரையில் அமர்ந்து, கையைத் தாழ வைத்துக் காத்திருக்க வேண்டும். அது தானே வரும். விரலை விளையாட்டுப் பொருளாக்கினால் நாளை அதுவே கடியாக வளரும். “வாப்பா, நான் ஓதிக்கிட்டே அங்கே உட்கார்ந்திருக்கட்டுமா?” என்று கேட்டான் இளைய மகன். அஸருக்குப் பின் தன் பாடத்தை அந்த அறையில் ஓதினான். நான்காம் நாள் பெரியது வந்து அவன் மடியருகே கன்னத்தைத் தேய்த்தது. அது பூனை தன் வாடையைப் பூசி, இவர் நம்மவர் என்று குறியிடும் முறை.

மணல் தட்டு ஒழுக்கத்தில் மார்க்கச் சட்டமும் சேருகிறது. பூனையின் மலமும் சிறுநீரும் நஜீசு. பட்ட இடத்தைக் கழுவாமல் தொழுகை கூடாது. அதற்காகக் குட்டியை அடித்துப் பயனில்லை. அடி வாங்கியது மறைவான மூலையைத் தேடுமேயன்றி மணலைத் தேடாது. விளிம்பு தாழ்ந்த தட்டில் உலர்ந்த மணலிட்டு, உணவுக்கு எட்ட வைத்து, உண்டு முடித்ததும் அதில் இறக்கிவிட்டால் இரண்டொரு நாளில் தெளிந்துவிடும்.

மலம் நஜீசு, ஆனால் அதன் வாய்பட்ட நீரோ தூயது. நம் ஷாபிஈ மத்ஹபில் இதற்கு அடிப்படையான நிகழ்ச்சியைக் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் புதல்வி கப்ஷா அம்மையார் அறிவித்திருக்கிறார்கள். மாமனார் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்ய அம்மையார் நீர் வார்த்தபோது பூனையொன்று குடிக்க வந்தது; முதியவர் பாத்திரத்தை அதற்காகச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகளின் வியப்பைக் கண்டு, பூனை அசுத்தமன்று, அது உங்களை வளைய வருவோரில் சேர்ந்தது என அண்ணலார் (ஸல்) கூறியதை எடுத்துச் சொன்னார்கள். வளைய வருவோர் என்பதற்கு அங்கே ஆளப்பட்ட சொல் தவ்வாஃபீன். திருமறையின் ‘நூர்’ அத்தியாயம் 58ஆம் வசனத்தில் வீட்டுப் பணியாளரையும் சிறு பிள்ளைகளையும் குறித்து வருவதும் இதே வேரில் பிறந்த சொல்லாகும். இடைவிடாது உள்ளும் புறமும் போய்வரும் இவர்களை விலக்குதல் அரிது. ஆகவே இவர்களின் பொருட்டுச் சட்டம் இலேசாயிற்று. வீட்டுப் பிள்ளைக்கு ஒப்பான இடத்தை அந்த ஒரு சொல் பூனைக்கு வழங்கிவிட்டது.

குடியமர்த்துதலின் முழுப் பயணமும் இவ்விரு ஹதீதுகளுக்கு இடையில் அமைந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அடைபட்ட உயிராக வந்தது, வளைய வரும் உயிராக வேண்டும். ஐந்தாம் நாள், நன்றாய் உண்டு மணலும் பழகிய பின், அறைக் கதவைக் கூடத்துக்குத் திறந்தோம். இரவில் மீண்டும் அறை. அடுத்த கிழமை சமையற்கட்டு, அதற்கடுத்து முற்றம். ஒவ்வொரு வாசலையும் நாம் திறந்தோமேயன்றி, கடந்து செல்வதற்குரிய நாளைக் குட்டிகளே முடிவு செய்தன. மகளின் அறை மட்டும் குழந்தை பிறக்கும்வரை மூடியே இருந்தது. அல்லாஹ்வின் அருளால் பேத்தி நலமாகப் பிறந்தாள். அவள் தொட்டில் கட்டிய அறையில், பெரியவர் எவரும் இல்லாத வேளைகளில் குட்டிகளுக்கு இடமில்லை என்பது இன்றும் நீடிக்கும் விதி.

இறுதியாக ஒரு வினா எழுந்தது. ஐந்து மாதத்தில் பூனை கருத்தரிக்கத் தொடங்கிவிடும். ஏறத்தாழ அறுபத்து மூன்று நாட்களில் மேலும் நான்கைந்து குட்டிகள். அவற்றுக்குச் சாக்குப் பையன்றி வேறு வழி எத்தனை வீடுகளில் உண்டு? உண்ணத் தகாத விலங்கை மலடாக்குவதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அனுமதிக்கவில்லை. ஔரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஹனஃபீ நூலாகிய ஃபதாவா ஆலம்கீரியோ, பயனோ தீங்கை நீக்குதலோ உண்டெனில் பூனைக்கு அவ்வாறு செய்வதில் குற்றமில்லை என்கிறது. ஊர் உலமாக்களோடு அமர்ந்து கிதாபுகளைப் புரட்டினோம். தெருவில் பசித்து மடியப்போகும் குட்டிகளே இக்காலத்தின் பெருந்தீங்கு எனக் கருதி, பின்னைய கருத்தின்படி அறுவை மருத்துவம் செய்வித்தோம். மாற்றுக் கருத்துடைய ஆலிம்களை மதிக்கிறோம். ஆனால் குட்டிகளைச் சந்தையில் எறிவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை என்பதில் அவர்களும் நாமும் ஒன்றே.

ஆகவே, பூனைக்குட்டி வேண்டுமென்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கும் நாளில், என்ன பெயர் வைக்கலாம் என்று தொடங்காதீர்கள். பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. இத்தனை ஆண்டுகளும் அதன் உணவுக்கும் நீருக்கும் மருந்துக்கும் யார் பொறுப்பு என்பதை முதலில் பேசி முடியுங்கள். விடை கிடைத்த பின் ஓர் அறையை ஒழித்து வையுங்கள். விடை கிடைக்காவிட்டால், வாசலில் ஒரு கிண்ணம் நீரும் ஒரு பிடி மீனும் வைத்துவிட்டு அதனை அதன் வழியில் விடுங்கள். ஹதீது காட்டிய இரு வழிகளும் நன்மையே. அவ்விரண்டுக்கும் நடுவே, அடைத்தும் வைத்துக் கவனிக்காமலும் விடுவதே அஞ்சத் தக்கது. வாயற்ற உயிர்களின் உரிமைகளை நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக.